வாலுக்கு வாய் கிடையாது

அவருக்கு ஊரில் வால் என்றுதான் பெயர். பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் தண்ணீர் வாரியத்தின் அடையாள அட்டையில் இருக்கிறது. அதைப் படித்தால் அவருக்கே யாரோ மூன்றாம் மனிதரின் பெயர் மாதிரி இருக்கும். ஐம்பத்தேழு வயதுக்காரர், வீடு வீடாகப் போய்க் குனிந்து தண்ணீர் மீட்டர் படிக்கிற மனிதர், அவரை நண்டு சிண்டெல்லாம் "வால் அண்ணே" என்று கூப்பிடுகிறதே, கோபம் வராதா என்று கேட்டால், வராது. அந்தப் பட்டத்தை அவர் பதினோரு வருஷம் கால் தேய நடந்து வாங்கியிருக்கிறார்.

வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே ஒரு ஓட்டம் நடக்கும். தார் ரோட்டில் ஓடுகிற ஓட்டம் இல்லை. காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் கிளம்பி, முட்டைக்கோஸ் வயல்களின் வரப்பில் ஏறி, வாய்க்கால் கரையோடு போய், மாட்டுப் பண்ணையின் இரும்பு கேட்டைத் தாண்டிப் புல்மேட்டில் ஏறினால் சட்டென்று கடல் தெரியும். அப்புறம் ஐந்து கிலோமீட்டர் கடலைப் பார்த்தபடியே ஓட்டம். பழைய படகுக் கொட்டகை வந்ததும் பாதை ஒரு குன்றின் அடியில் போய் முட்டும். அங்கே பாறையில் வெட்டிய படிகள், முந்நூற்றுப் பன்னிரண்டு. ஏறினால் உச்சியில் ஒன்றரை கிலோமீட்டர் சமதரை, அதன் முடிவில் கலங்கரை விளக்கம். அங்கிருந்து மரங்களுக்கு நடுவே இறங்கி, மறுபடி மைதானம். மொத்தம் இருபத்தோரு கிலோமீட்டர். படம் பிடித்துப் போட்டால் பார்க்கிறவர்கள் "அடடா, சொர்க்கம்" என்பார்கள். ஓடுகிறவர்கள் அந்தப் படிகளில் வேறென்னவோ சொல்வார்கள், அதை இங்கே எழுத முடியாது.

முந்தின நாள் வழியெங்கும் மஞ்சள் ரிப்பன் கட்டுவது நம் வாலின் வேலை. மறுநாள் கடைசியாக ஓடுகிற ஆளுக்குப் பின்னால் பத்தடி தள்ளி நடந்து, கட்டிய ரிப்பனையெல்லாம் அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் அவர் வேலைதான். கடைசி ஆளை அவர் முந்தக் கூடாது. கை கொடுக்கக் கூடாது, பையை வாங்கிக்கொள்ளக் கூடாது. முக்கியமாக, வழி சொல்லக் கூடாது. வால் வழி சொன்னால் ஓடுகிற ஆளின் நம்பர் போச்சு. ரிப்பன் எங்கே போகிறதோ அதுதான் பாதை, அதை விட்டு விலகினாலும் நம்பர் போச்சு. ஓட்டத்தை நடத்துகிற பி.டி. மாஸ்டர் முதல் வருஷமே சொல்லிவிட்டார்: "அண்ணே, வாலுக்கு வாய் கிடையாது."

கலங்கரை விளக்கத்துக்குக் கெடு பத்து மணி. அதற்குள் வராத ஆளின் நெஞ்சில் குத்தியிருக்கும் நம்பர் துணியை வால்தான் கத்திரியால் வெட்டி எடுக்க வேண்டும். பதினோரு வருஷத்தில் அவர் எத்தனையோ பேருக்கு வெட்டியிருக்கிறார். ஒரு பல் டாக்டர் வாயில் வந்தபடி திட்டினார். ஒரு பாங்க் மேனேஜர் குழந்தை மாதிரி விசும்பினார். இரண்டே நிமிஷம்தானே, கண்டுக்காதீங்க என்று கெஞ்சினவர்களும் உண்டு. எல்லாருக்கும் வால் சொல்கிற பதில் ஒன்றுதான். "கெடுன்னா கெடு." சொல்லும்போது அவருக்குள் கொஞ்சம் கெத்தும் இருக்கும், இல்லையென்று நான் சொல்ல மாட்டேன்.

முழுதாக ஓடி முடித்தவர்களுக்கு ஒரு எனாமல் குவளை. வெள்ளைக் குவளை, நீல விளிம்பு, அடியில் அந்த வருஷத்தின் எண். வாலுக்குக் காகிதக் கப்பில் டீ மட்டும்.

இது அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. அந்த அம்மாள் பெரியாஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் முப்பது வருஷமாக வேலை பார்க்கிறவள். வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை முடிச்சு அவிழ்த்துப் பிரிப்பது, துவைத்ததை மடித்துத் திரும்ப மூட்டை கட்டுவது, இதுதான் அவள் பொழுது. வாய்க்குப் பயந்தவள் இல்லை.

"வருஷா வருஷம் இருபத்தோரு கிலோமீட்டர் நடந்துட்டு வெறுங்கையோட வீட்டுக்கு வர்ற ஒரே ஆளு நீங்கதான்" என்றாள் போன வருஷம் ஓட்டம் முடிந்த அன்று. "அடுத்த வருஷம் நான் ஓடப் போறேன். இந்த அலமாரிக்கு ஒரு குவளை நான் கொண்டு வர்றேன்."

"நீயா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "படிக்கிட்ட வந்து உட்கார்ந்துட்டா தூக்கிட்டு வர ஆள் கிடையாது, பார்த்துக்கோ."

அவள் சிரிக்கவில்லை. அலமாரியின் நடுத்தட்டில் இருந்த ஊறுகாய் பாட்டிலை ஓரமாக நகர்த்தி ஒரு குவளை அளவுக்கு இடம் விட்டாள். ஒரு வருஷம் அந்த இடம் காலியாகவே இருந்தது. தெரியாத்தனமாக அவர் அங்கே சர்க்கரை டப்பாவை வைத்தால், மறுநாள் அது அடுப்படிக்குப் போயிருக்கும்.

கடைசி ஆறு மாதமாக அவர் ஒன்றைக் கவனித்துக்கொண்டு வந்தார். வேலையிலிருந்து வரும்போது அவள் நொண்டினாள். வாசல் படி நாலையும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்து இறங்கினாள். தைலப் பாட்டில் பத்து நாளைக்கு ஒன்று காலியாயிற்று. கேட்டால், "ஒண்ணுமில்லீங்க, நின்னுக்கிட்டே வேலை, கால் பிடிச்சுக்குது" என்பாள். முட்டி தேய்ந்துவிட்டது, மறைக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டார். ஓட வேண்டாம் என்று சொல்ல நாலைந்து தடவை வாயெடுத்தார். அலமாரியைப் பார்ப்பார், வாயை மூடிக்கொள்வார்.

சனிக்கிழமை மத்தியானம் ரிப்பன் கட்டிக்கொண்டே படகுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். இடது பக்கம் படிகள், செங்குத்தாக, பார்த்தாலே மூச்சு வாங்கும். வலது பக்கம் கடல் வற்றி, குன்றின் அடியில் மணல் பாய் விரித்த மாதிரி கிடந்தது. அந்த மணலோடு போனால், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்குப் பாறையைச் சுற்றிக்கொண்டு, சாய்வான ஒரு வண்டிப் பாதையில் அலுங்காமல் கலங்கரை விளக்கத்துக்கு ஏறிவிடலாம்.

அங்கே கால் மணி நேரம் நின்றார். பிறகு, பதினோரு வருஷத்தில் செய்யாத காரியத்தைச் செய்தார். ரிப்பனை வலது பக்கம் திருப்பினார்.

யோசிக்காமல் செய்யவில்லை. மனுஷர் மீட்டர் படிக்கிறவர், எண்ணில் தப்ப மாட்டார். வீட்டுச் சமையலறையில் கடல் ஏற்ற அட்டவணை தொங்குகிறது. ஞாயிறு காலை ஒன்பதேகாலுக்கு மூக்குப் பாறையடியில் தண்ணீர் ஏறி வழியை அடைத்துவிடும். ஒன்பதுக்குள் எல்லாரும் தாண்டிவிடுவார்கள், கடைசி ஒருவரோ இருவரோ தவிர. அந்தக் கடைசி ஆள் யாராயிருந்தாலும் எப்படியும் கெடுவுக்குள் வரப் போவதில்லை. அவளோ மைதானத்தைச் சுற்றி ஓடிப் பழகும்போது அவர் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறார், நடுக்கூட்டத்தில் வருவாள். தன் பெண்டாட்டி கடைசியாக வருவாள் என்று எந்தப் புருஷன் கணக்குப் போடுவான்?

காற்றில் அவிழாமலிருக்க ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு சுற்றாகப் போட்டு இறுக்கிக்கொண்டே மைதானம் வரைக்கும் கட்டி முடித்தார். வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டார். அவளிடம் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு நூற்று நாற்பது பேர் கிளம்பினார்கள். அவள் நம்பர் எண்பத்தாறு. முட்டைக்கோஸ் வயல் வரைக்கும் நடுக்கூட்டத்தில்தான் இருந்தாள். வாய்க்கால் கரையில் ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போக ஆரம்பித்தார்கள். மாட்டுப் பண்ணை கேட்டருகே குண்டாக ஒருவர், தபால் ஆபீஸ் குமாஸ்தா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவளையும் தாண்டினார். அவ்வளவுதான். வாலுக்கு முன்னால் இருந்த கடைசி முதுகு அவர் மனைவியின் முதுகு.

முட்டிதான், முட்டிதான் என்று மனம் அடித்துக்கொண்டது. அவளோ நொண்டவில்லை, மூச்சு இரைக்கவில்லை, காய்கறி வாங்கப் போகிறவள் மாதிரி அளவாகக் கால் வைத்துப் போய்க்கொண்டிருந்தாள். புல்மேட்டில் ஏறியதும் கடலைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றுகூட ரசித்தாள். அவளுக்கு இடது பக்கம் வயல்கள், வலது பக்கம் வெயில் பட்ட தண்ணீர், நடுவே ஒற்றையடிப் பாதை. திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? உங்களுக்குக் கால் வலிக்குதா?"

போம்மா, கொஞ்சம் வேகமாப் போம்மா என்று கத்த வேண்டும் போலிருந்தது. வாலுக்கு ஏது வாய்? ரிப்பனை அவிழ்த்துப் பையில் போட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, அது பாட்டுக்கு.

படகுக் கொட்டகைக்கு அவள் வந்தபோது மணி ஒன்பது இருபத்தேழு. குனிந்து ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினாள், இரண்டு காலுக்கும். நிமிர்ந்து படிகளைப் பார்த்தாள். ரொம்ப நாளாகப் பார்க்கக் காத்திருந்த சொந்தக்காரரைப் பார்க்கிற பார்வை அது. அப்புறம்தான் கண்ணில் பட்டது, ரிப்பன் வலது பக்கம் ஆடிக்கொண்டிருப்பது.

"படி இல்லையா?"

அவர் கொட்டகைத் தூணில் இருந்த ரிப்பனை அவிழ்க்கக் குனிந்தார்.

"ஏங்க, மைதானத்துப் போர்டுல போட்ட படத்துல படிதானே இருந்துச்சு?"

இப்போது சொன்னால் அவள் நம்பர் போச்சு. சொல்லாவிட்டால் தண்ணீர். ரிப்பனை விட்டு அவளே படியில் ஏறினாலும் நம்பர் போச்சு. ஒரு மனிதன் தன் கையாலேயே மூன்று பக்கமும் சுவர் எழுப்பி நடுவே பெண்டாட்டியை நிறுத்திவிட்டான் என்றால், அவனை என்ன சொல்லித் திட்டுவது? எனக்கே வார்த்தை கிடைக்கவில்லை. தண்ணீர் ஒருவேளை இன்னும் அடைத்திருக்காது என்று அந்த மனிதர் நம்ப ஆரம்பித்தார். வேறு வழி இல்லாதவர்களுக்கு நம்பிக்கை அப்படித்தான் வரும்.

"ரிப்பன் எங்கே இருக்கோ அங்கே" என்றார். அவ்வளவுக்குத்தான் அவருக்கு அனுமதி.

மணலில் கால் புதைந்தது. ஒன்பது நிமிஷம். மூக்குப் பாறையருகே போனால், பாதை இருக்க வேண்டிய இடத்தில் கடல் இருந்தது. இடுப்பளவு தண்ணீர் பாறையில் மோதிப் பொங்கியது. அந்தப் பக்கம் போய்விட்ட ரிப்பன்களில் ஒன்று அலையில் மிதந்தது. இந்தப் பக்கத்துக் கடைசி ரிப்பன் பாறை இடுக்கில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கொக்கியில் இருந்தது. அவள் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். வாழ்நாளெல்லாம் முடிச்சு அவிழ்க்கிறவளுக்கு, யார் போட்ட முடிச்சு என்று கேட்க வேண்டியதில்லை.

"இது நீங்க கட்டினதுதானே?"

"எல்லாமே நான் கட்டினதுதான்."

அவள் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். ரிப்பன் போகிற வழி அடைபட்டிருந்தால் திரும்பி வந்து போர்டில் போட்ட வழியில் போகலாம் என்று விதியில் ஒரு வரி உண்டு. அது அவளுக்கும் தெரியும். திரும்பினாள். திரும்பி ஓடினாள் ஐயா, அது வரைக்கும் காய்கறி வாங்கப் போனவள், மணலை வாரி இறைத்துக்கொண்டு ஓடினாள்.

கொட்டகைக்குத் திரும்பி வந்தபோது ஒன்பது நாற்பத்தேழு. நேரே படியில் கால் வைத்தாள்.

பதினோரு வருஷமாக அந்தப் படிகளில் கடைசி ஆட்களின் முதுகைப் பார்த்தவர் வால். உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவார்கள், கையை ஊன்றி ஏறுவார்கள், நூறாவது படியில் சாமி பூதமெல்லாம் கூப்பிடுவார்கள். இவள் கைகளை முட்டிக்கு மேல் ஊன்றி, ஒரே சீராக, மெஷின் மாதிரி போய்க்கொண்டேயிருந்தாள். பத்தடி தள்ளி வர வேண்டிய வால் ஐம்பது படி பின்தங்கிவிட்டார். படியில் ரிப்பன் ஏதும் இல்லாததால் அவர் கைகளுக்கு வேலையும் இல்லை. வெறும் கையை வீசிக்கொண்டு, மூச்சு முட்ட ஏறினார். உச்சியில் அவள் தலை மறைந்தபோது பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது ஐம்பத்து நாலு.

அப்போதுதான் அந்த மரமண்டைக்கு எல்லாம் விளங்கியது. தைலம், நொண்டல், ஒருக்களித்து இறங்கினது, எல்லாம். நேரே படியில் விட்டிருந்தால் பத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம் இருக்கும்போதே அவள் கலங்கரை விளக்கத்தில் இருந்திருப்பாள்.

உச்சியில் ஒன்றரை கிலோமீட்டரும் அவள் ஓடினாள். அவரும் பின்னால் ஓடினார். மணி பத்தாகும்போது கலங்கரை விளக்கம் விரல் நீளத்துக்குத் தெரிந்தது. அவள் நிற்கவில்லை. பத்து எட்டுக்கு, அங்கே நம்பர் குறிக்கப் போட்டிருந்த மேஜையைத் தொட்டாள்.

மேஜைக்குப் பின்னால் மருந்துக் கடைக்காரம்மா உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டுக் கடிகாரத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். "நான் எதையும் பார்க்கல. வால் அண்ணே, உங்க இஷ்டம்."

வால் வாக்கி டாக்கியை எடுத்தார். பி.டி. மாஸ்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். ரிப்பனைத் திருப்பினது, கடல் அடைத்தது, எல்லாம்.

மாஸ்டர் கேட்டார். "அண்ணே, அப்ப மத்த நூத்து முப்பத்தொன்பது பேரும் படி ஏறலையா?"

"ஏறல."

"மாஸ்டர் சொல்லித்தான் மாத்தினீங்கன்னு நான் நினைச்சேன்" என்று மருந்துக் கடைக்காரம்மா நடுவில் புகுந்தாள். "படி இல்லேன்னா யாரு கோவிச்சுக்குவாங்க, எல்லாம் சந்தோஷமா வந்தாங்க."

"பாதி பேருக்குக் குவளை கொடுத்தாச்சு அண்ணே. இப்ப என்ன, புடுங்கி வைக்கவா?" என்றார் மாஸ்டர்.

"அவங்களை விடுங்க மாஸ்டர். இவளுக்கு ஒரு இருபது நிமிஷம். இவ மட்டும்தான் நிஜமான பாதையில வந்திருக்கா. தப்பு என்னுது."

"உங்க வீட்டுக்காரங்கன்னு பாதையை மாத்தினீங்க. இப்ப உங்க வீட்டுக்காரங்கன்னு நேரத்தையும் மாத்தச் சொல்றீங்க. நாளைக்கு நான் யாருக்கு என்ன பதில் சொல்றது?" கரகரவென்று இரைச்சல். "கெடுன்னா கெடு அண்ணே. நீங்க சொல்றதுதான்."

எல்லாவற்றையும் அவள் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

"எனக்காகப் பண்ணேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள்.

"உன் முட்டி..."

"என் முட்டிக்கு என்ன? ஆறு மாசமா ஆஸ்பத்திரி லிஃப்ட்ல கால் வைக்கல நான். கீழ சலவை ரூம்லருந்து நாலாவது மாடி. தினம் பத்து தடவை, மூட்டையோட. சமதரையில நான் யாரையும் பிடிக்க முடியாது, எனக்குத் தெரியாதா? படியில முடியும். அதுக்குத்தான் கால் பலத்தைச் சேர்த்து வெச்சுக்கிட்டு மெதுவா வந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா சிரிப்பீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க சொன்னீங்களா ஒரு வார்த்தை?"

அவளே நெஞ்சை நிமிர்த்தி நம்பர் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பாங்க் மேனேஜர் மாதிரி விசும்பவில்லை, பல் டாக்டர் மாதிரி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. கத்திரியை எடுத்தார். நாலு மூலையும் வெட்ட அவருக்கு நெடுநேரம் பிடித்தது.

"பையைக் குடுங்க" என்றாள். "மிச்ச ரிப்பனை நான் எடுத்துட்டு வர்றேன். நீங்க வண்டியில போங்க."

"எட்டு கிலோமீட்டர் இருக்கும்மா..."

"தெரியும். எனக்கு வழி சொல்ல வேண்டாம்."

பையை அவர் தோளிலிருந்து தானே கழற்றி மாட்டிக்கொண்டு மரங்களுக்குள் இறங்கிப் போனாள். நம்பர் போனவர்களை ஏற்றிப் போக நின்ற வண்டியில் வால் ஏறினார். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "என்னண்ணே இது, வால் வண்டியில வருது, இன்னிக்கு மழைதான்" என்றான். வண்டி இரண்டு திருப்பம் போன பிறகுதான் பாக்கெட்டில் ஏதோ குத்தியது. கத்திரி. இனி வருகிற ஒவ்வொரு முடிச்சும் அவர் இரண்டு சுற்றாகப் போட்டு இறுக்கினது, பல்லால் கடித்தாலும் விடாது.

"நிறுத்து, நிறுத்துப்பா."

"நிறுத்தி? ரோடு இங்க, பாதை அந்தச் சரிவுக்கு அந்தாண்ட. இனிமே மைதானத்துலதான் ரெண்டும் சேரும்."

மைதானத்தில் அவர் காத்திருந்தார். படி ஏறாத நூற்று முப்பத்தொன்பது பேரும் குவளையும் கையுமாகப் படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். பன்னிரண்டரைக்குப் பந்தலைப் பிரித்தார்கள். "அடுத்த வருஷம் ரிப்பனை வேற யாராவது கட்டட்டும் அண்ணே" என்று பி.டி. மாஸ்டர் தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். வால் தலையாட்டினார்.

ஒன்றே முக்காலுக்கு அவள் வந்தாள். பை நிறைந்திருந்தது. ஒரு ரிப்பன்கூட அறுக்கப்படவில்லை, எல்லாம் அவிழ்த்து, நீவி, பத்துப் பத்தாக மடித்து வைத்திருந்தாள். வலது கைப் பெருவிரல் நகம் பிய்ந்து ரத்தம் கட்டியிருந்தது. அவர் அந்தக் கையைப் பிடிக்கப் போனார், அவள் அதைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். காலி அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். அவர் காகிதக் கப்பில் டீ கொண்டு வந்து கொடுத்தார், ஆறிப்போன டீ. வாங்கிக் குடித்தாள்.

பாதி குடித்ததும் கேட்டாள். "படிக்கு எத்தனை நிமிஷம்?"

"ஏழு."

"ஏழா?" அவள் முகத்தில் ஏதோ வந்துவிட்டுப் போனது. "முதல்ல வந்தவன் எத்தனை நிமிஷத்துல ஏறினான்?"

அவர் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் ஏறவே இல்லையேம்மா."

"ஆமால்ல" என்றாள். மிச்ச டீயைக் கீழே ஊற்றிவிட்டு ஷூவைக் கழற்ற ஆரம்பித்தாள்.